அப்பாரும் ஆத்தாவும் ஒரு கிணறும்

நம் சங்கத்தில் தஞ்சை, திருச்சிப் பக்கத்து அன்பர்கள் அதிகம். பொங்கல் விழாவில் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் காவிரிக் கரையில் போய் நிற்கும். மதகு, வாய்க்கால், குறுவை, தாளடி என்று அவர்கள் பேசும்போது கேட்க இன்பமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆறும் வாய்க்காலும் எட்டிப் பார்க்காத ஊர்களிலும் நம்மவர்கள் விவசாயம் செய்து பிழைத்திருக்கிறார்கள். நாக்பூரிலேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அந்தக் கதையையும் ஒருவர் சொல்லி வைக்க வேண்டும் என்பதால், என் தாத்தா, பாட்டி இருவரும் வாழ்ந்த வாழ்க்கையை இங்கே எழுதுகிறேன்.

கொங்கு நாட்டில் அப்பாவைப் பெற்றவரை அப்பாரு என்போம். அவர் மனைவி ஆத்தா. மதுரைச் சீமையில் ஆத்தா என்றால் பெற்ற தாய். அந்தப் பக்கத்து அன்பர்கள் குழப்பிக்கொள்ள வேண்டாம். அப்பாரு நான் பிறப்பதற்கு முன்பே, 1952-ல் காலமாகிவிட்டார். ஆத்தா 1976 வரை இருந்தாள். கோடை ராத்திரிகளில் வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டு அவள் சொன்னவைதான் இதில் பெரும்பகுதி. மீதி என் அத்தை சொன்னது. கணக்குகள் மட்டும் என்னுடையவை. ரயில்வேயில் முப்பத்தாறு வருஷம் பாலமும் தண்டவாளமும் பார்த்தவனுக்கு, எதைக் கண்டாலும் டேப்பை எடுத்து அளந்து பார்க்கிற புத்தி போகாது.

எங்கள் ஊர் காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே இருக்கிறது. அப்பாரு காலத்தில் கோயமுத்தூர் ஜில்லா. 1979-ல் பெரியார் மாவட்டம் ஆயிற்று, பிறகு அதுவே ஈரோடு மாவட்டம், 2009 முதல் திருப்பூர் மாவட்டம். ஊர் மட்டும் நகரவில்லை. வருஷத்துக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. மேற்கே மலைகள் தென்மேற்குப் பருவ மழையை மறித்துக்கொள்ளும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வெறும் காற்று மட்டும் வந்து ஆடி மாதம் ஓட்டைப் பிரித்துப் போடும். இன்றைக்கு அந்தக் காற்றில் காற்றாலைகள் சுற்றுகின்றன. அன்றைக்கு அது மண்ணைத்தான் வாரிக்கொண்டு போனது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையை நம்பித்தான் எல்லாம்.

எங்கள் பக்கம் நிலத்துக்கு இரண்டு பெயர். மழையை மட்டும் நம்பிய நிலம் ‘காடு’. மரம் அடர்ந்த காடு அல்ல. கம்பும் சோளமும் கொள்ளும் விளைகிற மேட்டு நிலம். கிணறு இருந்தால் அது ‘தோட்டம்’. ஒருவனுக்குப் பெண் கொடுக்க விசாரிக்கும்போது முதல் கேள்வி எத்தனை ஏக்கர் என்பது அல்ல, தோட்டம் இருக்கிறதா என்பதுதான்.

ஆத்தாவுக்குக் கல்யாணம் ஆனந்த வருஷம் ஆவணியில். அவளுக்கு இங்கிலீஷ் வருஷம் தெரியாது. எதைக் கேட்டாலும் ஆனந்த, காளயுக்தி, அட்சய என்றுதான் சொல்வாள். பஞ்சாங்கத்தின் அறுபது வருஷச் சுற்றை வைத்து நான் கணக்குப் போட்டுக்கொண்டேன்: 1914. அவளுக்கு வயது பதினான்கு, அப்பாருவுக்கு இருபது. அருமைக்காரர் முன்னின்று நடத்திய பழைய முறைக் கல்யாணம். தாய்வீட்டுச் சீராக ஓர் அட்டிகை, ஒரு ஜோடிக் காப்பு, காலுக்கு வெள்ளித் தண்டை, ஒரு கறவை மாடு. இவற்றில் மாடு மட்டும்தான் அவளிடம் தங்கியது.

1917-ல் அண்ணன் தம்பிகள் மூவரும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். அப்பாருவின் பங்குக்கு வந்தது எட்டு ஏக்கர். அதில் நாலு ஏக்கர் கொறங்காடு, அதாவது கிளுவை வேலி அடைத்த மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப் புல்லும் இடையிடையே வெள்வேல மரமும் நிற்கும். காங்கயம் மாடு அந்தப் புல்லில் வளர்ந்த மாடுதான். கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஆறு மாதத்தில் சாம்பல் நிறம் வந்துவிடும். மீதி நாலு ஏக்கரின் நடுவில் ஒரு கிணறு. தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வார்களே, 1876 முதல் 78 வரை நீடித்த பெரும் பஞ்சம், அதற்குப் பிறகு அப்பாருவின் அப்பன் வெட்ட ஆரம்பித்தது. முப்பது அடியில் பாறை வந்ததும் நிறுத்திவிட்டார். மாசி மாதம் வந்தால் அடியில் தவளைதான் கிடக்கும். பெயருக்குத் தோட்டம், உள்ளபடி காடு.

இருவரும் அந்தக் கிணற்றை முப்பது அடியிலிருந்து ஐம்பது அடிக்கு இறக்கினார்கள். 1919-ல் ஆரம்பித்து பத்து வருஷம் பிடித்தது. என்னைக் கேட்டால் அவர்களுடைய வாழ்க்கை வரலாறு இந்த ஒரு வரிதான். மற்றதெல்லாம் இதற்குள் அடக்கம்.

பாறை வெட்டுவது கோடையில் மட்டும்தான் முடியும். மாசியில் தண்ணீர் வற்றியபின் தொடங்கினால் வைகாசி வரை. ஒட்டர்கள் குடும்பத்தோடு வந்து கிணற்று மேட்டில் குடிசை போட்டுத் தங்குவார்கள். ஒருவன் வெட்டிரும்பைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க, மற்றவன் சம்மட்டியால் அடித்துக் குழி போடுவான். மருந்தைக் கெட்டித்துத் திரி வைத்துவிட்டு எல்லோரும் மேலே ஓடி வருவார்கள். கூலி, வெட்டிய கன அளவுக்கு. அதை நம் பி.டபிள்யூ.டி. ஆட்களைவிடச் சரியாக அளப்பார்கள். உடைந்த கல்லைக் கூடையில் எடுத்துத் தலையில் வைத்துப் படியேறிக் கொண்டுவந்து கொட்டுவது பெண்கள் வேலை. கூலி மிச்சம் என்று ஆத்தாவும் அவர்களோடு சுமந்தாள்.

கிணறு 24 அடிக்கு 20 அடி. ஊருக்குப் போயிருந்தபோது ஒரு நாள் அளந்து பார்த்தேன். இருபது அடி ஆழம் பாறை என்றால் 9,600 கன அடி. எடை சுமார் 700 டன். நம் லைனில் ஓடுகிற பாக்ஸ் என் வேகன் ஒன்று ஏறத்தாழ 58 டன் ஏற்றும். அப்படிப் பன்னிரண்டு வேகன் கல், கூடை கூடையாக, வருஷத்துக்கு இரண்டு அடி வீதம் மேலே வந்திருக்கிறது. அட்டிகை இரண்டாவது வருஷம் போயிற்று. காப்பு நாலாவது வருஷம். தண்டையை எப்போது விற்றார்கள் என்று ஆத்தாவுக்கே ஞாபகமில்லை. “கல்லுச் சுமக்கறவளுக்குத் தண்டை எதுக்கு சாமி, கால்ல இடிக்கத்தான்” என்றாள்.

இதற்கிடையில் காளயுக்தி வருஷத்தில், 1918-ல், உலகம் முழுதும் பரவிய இன்ப்ளூயன்சா எங்கள் ஊருக்கும் வந்தது. இந்தியாவில் ஒரு கோடிப் பேருக்கு மேல் அதில் இறந்ததாகப் பிற்பாடு படித்தேன். ஆத்தாவுக்குத் தெரிந்தது அவளுடைய இரண்டு வயது மூத்த மகன் மட்டும்தான். மொத்தம் எட்டுப் பேறு, தங்கியது நான்கு. இதைச் சொல்லும்போது அவள் குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இருக்காது. அந்தத் தலைமுறைப் பெண்கள் எல்லோருமே இப்படித்தான் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நிற்க. கிணற்றில் தண்ணீர் வந்தால் போதுமா? மேலே ஏற வேண்டுமே. இனி கவலையைப் பற்றிச் சொல்கிறேன்.

கவலை என்பது மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற ஏற்பாடு. தெற்கே கமலை என்பார்கள். இங்கே விதர்பாவிலும் இருந்ததுதான், மராட்டியில் ‘மோட்’. மனக்கவலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று தமிழாசிரியர்கள் சொல்லலாம், ஆத்தா ஒப்புக்கொள்ள மாட்டாள். கிணற்று விளிம்பில் இரண்டு கல் தூண். மேலே ஒரு உருளையில் தடித்த வடம், கீழே விளிம்பை ஒட்டிய இன்னொரு உருளையில் மெல்லிய வால்கயிறு. தண்ணீர் மொள்ளுகிற இரும்புச் சாலின் அடியில், யானைத் துதிக்கை மாதிரி ஒரு தோல் வால் தைத்திருக்கும். வடம் சாலைத் தூக்கும். வால்கயிறு அந்தத் தோல் வாலின் வாயை மேல்நோக்கி மடித்துப் பிடித்துக்கொள்ளும். இரண்டு கயிறும் மாட்டின் நுகத்தடியில். கிணற்றிலிருந்து சரிவாக வெட்டிய வாரியில் மாடுகள் இறங்கினால் சால் ஏறும். சால் மேலே வந்ததும் வால் மட்டும் விளிம்பைத் தாண்டி வெளியே வந்து நீளும். தண்ணீர் தானாகத் தொட்டியில் கொட்டும். யாரும் சாலைப் பிடித்துச் சாய்க்க வேண்டியதில்லை. பிறகு மாடுகள் பின்னோக்கியே நடந்து மேட்டுக்கு வரும். இறங்கும்போது ஓட்டுகிறவன் வடத்தின் மேல் உட்கார்ந்துகொள்வான். அவன் எடையும் மாட்டுக்கு உதவி.

டிப்ளமோ படித்தபோது பம்புகளைப் பற்றி ஒரு பாடம் உண்டு. அதில் இது இல்லை. இருந்திருக்கலாம்.

ஐம்பது அடி ஆழத்தில், சாலுக்கு 135 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு சால். விடியலில் மூன்று மணி நேரம், வெயில் தாழ மூன்று மணி நேரம். ஒரு நாளைக்கு 180 சால், சுமார் 24,000 லிட்டர். ஒரு ஏக்கரில் ஒன்றரை அங்குலம் தண்ணீர் நிற்க 1,54,000 லிட்டர் வேண்டும். ஆக, ஒரு ஏக்கரை ஒரு சுற்று நனைக்க ஆறரை நாள். சுற்று முடிவதற்குள் முதல் பாத்தி காய்ந்து காத்திருக்கும். மாடுகள் நடப்பது நாளொன்றுக்கு ஐந்தரை கிலோமீட்டர், அதில் பாதி பின்னோக்கி. இத்தனைக்கும் கிடைக்கிற சக்தி கால் குதிரைத் திறனுக்கும் கீழே. ஆறு மணி நேரம் மாடும் மனிதனும் பாடுபட்டு இறைத்ததை, பிற்பாடு வந்த ஐந்து குதிரைத் திறன் மோட்டார் அரை மணியில் இறைத்துப் போட்டது.

ஒருவர் கவலை ஓட்டினால் இன்னொருவர் தண்ணீர் கட்ட வேண்டும். வாய்க்காலில் வருகிற தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மண்வெட்டியால் மடை மாற்றி விடுவதுதான் தண்ணீர் கட்டுவது. அது ஆத்தாவின் வேலை. அதற்கு முன்னால் அவள் எழுந்து சாணி வாரி, கட்டுத்தரையைக் கூட்டி, பால் பீய்ச்சி, தயிர் கடைந்திருப்பாள். கம்பை ஊறவைத்து உரலில் குத்திப் புடைத்துச் சோறாக்குவதற்கு ஒரு பொழுது. முதல் நாள் கம்மஞ்சோற்றை உருண்டையாகப் பிடித்துத் தண்ணீரில் போட்டு வைத்து, மறுநாள் மோர் விட்டுக் கரைத்துக் குடிப்பார்கள். ராத்திரி சோளச் சோறும் கொள்ளுக் கடைசலும், அல்லது ராகிக் களி. அரிசிச் சோற்றுக்கு நெல்லஞ்சோறு என்று தனிப் பெயர். நோம்பி நாளில் மட்டும்தான் அது. இந்தக் காலத்தில் கம்பையும் ராகியையும் சிறுதானியம் என்று பாக்கெட்டில் போட்டு அரிசியைவிட அதிக விலைக்கு விற்கிறார்கள். ஆத்தா கேட்டால் சிரித்திருப்பாள்.

சாலின் தோல் வாலைத் தைத்துக் கொடுத்தது ஒரு மாதாரிக் குடும்பம். தோலைப் பதப்படுத்தி, வார் கிழித்து, தண்ணீர் கசியாமல் தைப்பது லேசான வித்தை அல்ல. வால் கிழிந்தால் அன்றைக்குத் தோட்டமே நின்றுபோகும். கூலி வருஷத்துக்கு இத்தனை வள்ளம் தானியம் என்று கணக்கு. களத்தில் நெல்லோ கம்போ தூற்றி முடித்ததும் வந்து ஓரமாக நின்று வாங்கிக்கொள்வார்கள். அவர்கள் தைத்த தோல் வழியாக வந்த தண்ணீரைத்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் குடித்தோம். அவர்கள் அந்தக் கிணற்றில் இறங்கிக் கை நனைக்கக் கூடாது. தாகம் என்றால் எட்ட நின்று கை ஏந்த வேண்டும், மேலிருந்து ஊற்றுவார்கள். ஆத்தாவும் அப்படித்தான் ஊற்றினாள். பழைய கதை எழுதும்போது நல்லதை மட்டும் எழுதுவது நம் மலர்களில் வழக்கமாகிவிட்டது. இதுவும் நடந்ததுதான்.

பணப்பயிர் என்று வந்தது கம்போடியாப் பருத்தி. 1905-ஐ ஒட்டி இந்த மாகாணத்துக்குள் வந்த ரகம். செம்மண்ணும் கிணற்றுப் பாசனமும் அதற்குப் பிடித்துப்போனதால் கோயமுத்தூர் ஜில்லாவில் வேகமாகப் பரவியது. எங்கள் பக்கத்துப் பழைய பருத்தியைவிட இழை நீளம், விலையும் அதிகம். அப்பாரு பருத்தியை வண்டியில் ஏற்றிக்கொண்டு பொழுது சாய்ந்தபின் கிளம்பினால் விடியும்போது திருப்பூர். அங்கே அரைவை ஆலைகளும் ரயிலடியும் இருந்தன. ஆத்தாவும் வீட்டில் ராட்டை சுற்றினாள். 1920-களில் திருப்பூர் வட்டாரம் கதருக்குப் பெயர் பெற்றது. சுற்று ஊர்களில் பெண்கள் நூற்றுக் கொடுத்தார்கள். நூல் காசும் வெண்ணெய்க் காசும் மட்டும்தான் அவள் கைக்கு நேராக வந்த பணம். அதில் என்ன வாங்கினாய் என்று நான் கேட்டேன். “வடம்” என்றாள்.

அந்த வடத்தால் வந்தது ஒரு விபத்து.

அட்சய வருஷம் கார்த்திகை மாதம், அதாவது 1926. கிணறு அப்போது 44 அடி. அந்த வருஷம் எங்கள் ஊரில் மழை சரியில்லை. பருத்தி பூவும் காயுமாக நின்றது. அந்த நேரத்தில் பத்து நாள் தண்ணீர் நின்றாலும் பிஞ்செல்லாம் கொட்டிவிடும். சால் பாதி ஏறியபோது வடம் அறுந்தது. வடத்தின் மேல் உட்கார்ந்திருந்த அப்பாரு வாரியில் உருண்டு, ஓரத்துக் கல்லில் மோதி, முழங்கால் உடைந்துவிட்டது. மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. புத்தூர்க் கட்டு மாதிரி எங்கள் பக்கமும் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற வைத்தியர்கள் உண்டு. மூங்கில் சிம்பு வைத்துக் கட்டி, நாலு மாதம் காலை ஊன்றக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

ஆள் வைக்கப் பணமில்லை. பங்காளிகளுக்கு அவரவர் பருத்தி. மூன்று நாள் பார்த்துவிட்டு நாலாம் நாள், வெள்ளி முளைக்கிற நேரத்தில், ஆத்தா மாட்டைப் பூட்டினாள்.

பெண்கள் கவலை ஓட்டுவது எங்கள் பக்கம் கிடையாது. நடவு, களையெடுப்பு, கல் சுமப்பது எல்லாம் செய்யலாம். மாட்டின் பின்னால் நின்று வடத்தில் கை வைக்கக் கூடாது, கிணறு வற்றிவிடும் என்பார்கள். ஒன்பது வயது அத்தை மண்வெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கித் தண்ணீர் கட்டினாள். முதல் நாள் இருபது சால் இறைப்பதற்குள் மாடுகள் நுரை தள்ளி நின்றுவிட்டன. காரணம் எளிது. ஆத்தா வடத்தின் மேல் உட்காரவில்லை. சேலையைக் கட்டிக்கொண்டு உட்காரவும் முடியாது, உட்கார்ந்தாலும் அவள் எடை போதாது. அப்பாருவின் கனம் இல்லாமல் முழுச் சாலையும் மாடுகளே இழுக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் நாள் அவள் ஒரு காரியம் செய்தாள். வால்கயிற்றை ஒரு சாண் நீட்டிக் கட்டினாள். அவ்வளவுதான். கயிறு நீண்டதால் தோல் வாலின் வாய் சாலின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே தொங்கியது. அந்த மட்டத்துக்கு மேலிருந்த தண்ணீர் எல்லாம் வால் வழியே வழிந்து கிணற்றுக்குள்ளேயே விழுந்துவிட்டது. மேலே வந்தது முக்கால் சால். மாடுகள் சிரமமில்லாமல் இழுத்தன. தண்ணீர் தன் மட்டத்தைத் தானே தேடிக்கொள்ளும் என்பதை நாங்கள் வகுப்பில் கண்ணாடிக் குழாயை வைத்துப் படித்தோம். அவள் நாலு குழந்தையைப் புதைத்த, எழுத்து தெரியாத பெண்.

180 சால் இறைத்த இடத்தில் இப்போது 240 சால் வேண்டும். ஆறு மணி நேரம் எட்டு மணி நேரம் ஆயிற்று. தண்ணீர் அதே தண்ணீர்.

உள்ளே கட்டிலில் கிடந்த அப்பாருவுக்கு உருளையின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். எண்ணிக்கொண்டே கிடப்பாராம். சால் கொட்டுகிற ஓசை வழக்கத்தைவிடச் சீக்கிரம் நின்றுபோவதை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். மத்தியானம் அவள் கூழ் கொண்டுபோனபோது, “வால்கயித்த நீட்டிப் போட்டயா?” என்று கேட்டார். “ஆமாங்” என்றாள். அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கூழைக் குடித்தார்.

ஊரில் பேசினார்கள். மாமனார் முறையுள்ள பெரியவர் ஒருவர் வாரியின் மேட்டில் வந்து நின்று, கிணறு வற்றினால் யார் பொறுப்பு என்று கேட்டாராம். ஆத்தா மாட்டை நிறுத்தவில்லை. “ஏனுங் மாமா, கெணறு வத்துனா நாங்களே வெட்டிக்கறோமுங்க. பருத்தி காஞ்சா ஆரு கொண்டாந்து குடுப்பாங்க, நீங்களா?” என்றாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் தன் மகனை வாரி மண்ணைக் கொத்திச் சரிசெய்து கொடுக்க அனுப்பினார் என்பதையும் ஆத்தாவே சொன்னாள்.

பருத்தி தப்பியது. அப்பாருவின் முழங்கால் பிறகு முழுதாக மடங்கவே இல்லை. வடத்தில் உட்கார முடியாததால் அவரும் நின்றபடியே ஓட்டினார். வால்கயிறு அந்தத் தோட்டத்தில் கடைசி வரை ஒரு சாண் நீளமாகவே இருந்தது. விடியல் இறைப்பு ஆத்தாவுடையது, மாலை இறைப்பு அவருடையது என்று ஏற்பாடாகிவிட்டது. இதை அவர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததாகத் தெரியவில்லை. என் அப்பா 1928-ல் பிறந்தார். அவருக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான்.

1929-ல் ஐம்பதாவது அடியில் கிழக்கு மூலையில் ஊற்று திறந்தது. மாசியிலும் தண்ணீர் நின்றது. தோட்டம் தோட்டமான அந்த நேரத்தில்தான் உலகப் பொருளாதார மந்தம் வந்து பருத்தி விலை சரிந்தது. கிணற்றுக்காக ஒருவரிடம் வாங்கிய 300 ரூபாய்க் கடனுக்கு வட்டி மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. ஒவ்வொரு முறை பணம் கொடுத்தபோதும் ஆத்தா அடுப்பங்கரைச் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டு வைத்தாள். பத்து ரூபாய்க்கு ஒரு கோடு.

1938-ல் ராஜாஜி மந்திரிசபை சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன் என்றால், 1937 அக்டோபர் முதல் தேதி வரை நின்ற வட்டி பாக்கி தள்ளுபடி. அசலைக் கொடுத்தால் போதும். அசலைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடனே முழுதும் தீர்ந்ததாகும். ஆத்தாவின் கோடுகளை எண்ணினால் அறுபத்து நான்கு. அதாவது 640 ரூபாய், இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் கடன் கொடுத்தவர் எதற்கும் ரசீது தரவில்லை. பாதிக்கு மேல் வரவே இல்லை என்றார். “செவுத்த ஒடச்சுக் கச்சேரிக்குத் தூக்கிட்டுப் போக முடியுமா?” என்பாள் ஆத்தா. வட்டி மட்டும் தள்ளுபடியாயிற்று. அசல் 300-ஐக் கொடுக்க, தங்கள் கட்டுத்தரையிலேயே பிறந்து வளர்ந்த ஒரு ஜோடிக் காளையைக் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். சித்திரையில் மாரியம்மன் தேரையொட்டிக் கூடுகிற சந்தை அது. விற்ற காளைகள் எந்தத் திசையில் போயின என்று பார்க்காமல் அப்பாரு திரும்பி நடந்துவிட்டாராம். ஆத்தா பார்த்தாள். வடக்கே போயின என்று முப்பது வருஷம் கழித்து என்னிடம் சொன்னாள்.

பட்டா, தீர்வை ரசீது, கடன் பத்திரம் எல்லாவற்றிலும் அப்பாருவின் பெயர்தான். ஆத்தாவின் பெயர் எழுத்தில் இருக்கிற காகிதம் ஒன்றுதான் நான் பார்த்திருக்கிறேன்: ரேஷன் கார்டு. அதிலும் எழுத்துப் பிழை.

1963-ல் எங்கள் தோட்டத்துக்கு மின்சாரம் வந்து, அப்பா ஐந்து குதிரைத் திறன் மோட்டார் வைத்தார். கல் தூண்கள் நின்ற இடத்திலேயே நின்றன. ஆத்தா முதல் நாள் தொட்டியோரம் உட்கார்ந்து தண்ணீர் கொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இத்தன தண்ணியும் எங்கிருந்து வருது? நாங்க வெட்டுன ஊத்து ஒண்ணுதானே” என்று கேட்டதாக அத்தை சொல்வாள். கேள்வி சரியான கேள்விதான். இருபது வருஷத்தில் சுற்று வட்டாரம் முழுக்க மோட்டார் ஓடி, ஐம்பது அடி ஊற்று நின்றுவிட்டது. இப்போது அந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு இருக்கிறது. அதிலிருந்து எடுத்துப் பழைய கிணற்றில் விட்டு வைத்து, சொட்டு நீரில் முருங்கைக்குப் பாய்ச்சுகிறார்கள்.

தோல் வால் தைத்த குடும்பத்துக்கு மோட்டார் வந்தபின் எங்கள் தோட்டத்தில் வேலை இல்லை. அவர்கள் பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போனார்கள். இன்று அந்த வீட்டுப் பேரன் சொந்தமாகத் தையல் யூனிட் வைத்திருக்கிறான். போன தடவை ஊருக்குப் போனபோது டவுன் பஸ்ஸுக்கு நின்ற என்னைக் காரில் ஏற்றிக்கொண்டான்.

இரும்புச் சால் என் சித்தப்பா மகன் வீட்டில் இருக்கிறது. அடித் துவாரத்தைத் தகடு வைத்து அடைத்து, கன்றுக்குட்டிகளுக்குத் தண்ணீர் காட்ட வைத்திருக்கிறார்கள். டேப் கையில் இருந்தது; அளந்தேன். விளிம்பு வரை நிரப்பினால் 138 லிட்டர்.